நோவுத்தாழ்

அமலோற்பவத்தின் காதில் கம்மல் நுழையவில்லை. மூன்று நாளாக முயன்று பார்த்துவிட்டாள். துளை இருந்த இடத்தில் மழமழவென்று தோல் மூடிக்கிடந்தது. முழங்காலுக்குக் கீழே உடைந்த எலும்போ உடைந்தபடியே இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கூடாவிட்டால் காலை எடுத்துவிடுவார்கள். அதைக் கேட்டும் அவள் பதறவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவள் அவள். சரக்குப் பெட்டி சரிந்து கால் நசுங்கியதும் அவளுக்கு நெய்மணிகளை ஏற்றினார்கள். குருதியில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத எந்திரங்கள் அவை. முறிவைத் தேடிப் போய்ச் சுண்ணாம்பையும் புரதத்தையும் இழையிழையாக அடுக்கும். மற்றவர்களுக்குப் பத்தே நாளில் எலும்பு கூடிவிடும். இவளுக்கு இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது.

"கால விட்டுட்டு காத அடச்சிருக்கு ஒங்க மணி. கண்ணு தெரியாத கொத்தனாரயில்லா புடிச்சிட்டு வந்திருக்கிய, டாக்டரம்மா" என்றாள், முகத்தில் எதுவும் அசையாமல்.

டாக்டர் பொற்செல்வி சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். நெய்மணிக்கு உண்மையிலேயே கண் கிடையாது, மோப்பம்தான். வலிக்கும் நரம்பு ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். எறும்பு சர்க்கரையைப் பிடிப்பதுபோல மணிகள் அதைப் பிடித்துப் போகும். அந்த வாசம் இல்லையென்றால் அலைந்து திரிந்து, எதிர்ப்படும் ஓட்டையை அடைக்கும்.

"அக்கா, நோவுத்தாழ் போட்டிருக்கீங்களா?"

"துறைமுகத்துல போடாத ஆளு யாரு?"

பிடரித் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சில்லு. வலி நரம்புகளை அது உறங்கவைக்கும். வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும் என்பது விதி.

"கடைசியா எப்பத் திறந்தீங்க?"

"நாலு வருசமாச்சு. எங்க வீட்டுக்காரர் எறந்த அன்னைக்குப் பூட்டுனது." யாரோ தெருக்காரர் இறந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

பொற்செல்வி நாற்காலியை இழுத்து அருகில் உட்கார்ந்தாள். தாழ் பூட்டியிருப்பதால் வலியின் வாசம் கிடைக்காமல் மணிகள் வழிதவறுவதைப் பொறுமையாக விளக்கினாள்.

"அப்ப கால் வலிய மட்டும் தொறந்துவிடுங்க. மனசு வலி பூட்டியே கெடக்கட்டும்."

"ரெண்டுக்கும் ஒரே தாழ்தான்க்கா."

அமலோற்பவம் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படுவதற்குக்கூட அவளுக்குள் எதுவும் திறந்திருக்கவில்லை. "சரி, தொறங்க" என்றாள்.

முதலில் கால் வலித்தது. பிறகு அவள் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்று நாள் அந்த வார்டில் யாரும் தூங்கவில்லை.

வியாழக்கிழமை எடுத்த படத்தில், முறிவின் இரு முனைகளுக்கும் நடுவே வெண்ணூல்போல எலும்பு ஓடியிருந்தது. பொற்செல்வி எல்லா வார்டுகளுக்கும் ஒரு குறிப்பு அனுப்பினாள்: நெய்மணி ஏற்றுமுன் நோவுத்தாழைத் திறந்துவிடவும். எலும்பு கூடும்வரை பூட்டக் கூடாது.