பச்சை வட்டத்துக்குள்

கூடாரத்தின் முளைகளை அடித்து இறக்கத் தாலாய்பெக் சுத்தியலைக் கையில் எடுத்தான். அதற்கு வேலையே வரவில்லை. விரலால் அழுத்தினாலே ஒவ்வொரு முளையும், ஏற்கெனவே தோண்டிவைத்த குழிக்குள் போவதுபோல வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"பாத்தியா? இடம்னா இதான் இடம்," என்றான் மனைவியிடம்.

நூரிசா கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை. ஓரிடத்தில் ஈரம், ஓரிடத்தில் கல், ஆற்றோரத்தில் கொசு என்று சூசாமிர் பள்ளத்தாக்கு முழுக்கக் குறை சொல்லிக்கொண்டு வந்தவனுக்கு இந்த இடம் பார்த்ததும் பிடித்துவிட்டது. மேடு பள்ளமில்லாத வட்டம். சுற்றிலும் காய்ந்த புல், வட்டத்துக்குள் மட்டும் பசேலென்று. மேய்ப்பர் வீட்டில் பிறந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேய்ப்பர்கள் கோடையில் போடும் வட்டமான கம்பளி வீடு ஒன்று நின்று, பிரித்துக்கொண்டு போன தடம் அது. மற்றத் தடங்களெல்லாம் ஆற்றோரம் கூட்டமாக இருக்க, இது மட்டும் ஒதுங்கிக் கிடந்தது. சாவு விழுந்தால் பிணத்தைக் கிடத்தத் தனியாக ஒரு கம்பளி வீடு போடுவார்கள். அந்த இடத்தில் பிறகு யாரும் தங்குவதில்லை.

"இங்க வேணாங்க. இழவு வீடு நின்ன இடம் இது."

"ஆரம்பிச்சுட்டா! பிஷ்கேக் டவுன்ல இத்தன வருஷம் குப்ப கொட்டியும் ஆட்டுக்காரன் பொண்ணு ஆட்டுக்காரன் பொண்ணுதான்."

குடியிருக்கும் வீடு, மகளின் பள்ளி, நூரிசா வேலையை விட்டது என்று எல்லாவற்றிலும் அவன் வைத்ததுதான் சட்டம். பிரிந்துவிடலாம் என்ற பேச்சு வந்த பிறகு, ஆறு வயது மீரிமுக்காகக் கடைசியாக ஒருமுறை சேர்ந்திருந்து பார்க்கலாம் என்று வந்த பயணம் இது. இங்கேயும் சண்டை என்றால் குழந்தை அழும். வாயை மூடிக்கொண்டாள். அப்படி மூடிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மதியத்துக்கு மேல் குதிரைக்காரன் ஒருவன் அந்தப் பக்கமாக வந்தான்.

"வாங்கண்ணே, ஒரு வாய் ரொட்டி பிட்டுட்டுப் போங்க!" என்று கூப்பிட்டான் தாலாய்பெக்.

நீட்டிய ரொட்டியில் ஒரு துணுக்காவது வாயில் போடாமல் போகிறவன் அந்த மலையில் கிடையாது. இவன் கிட்டேயே வரவில்லை. தூரத்திலேயே இறங்கி, கூடாரத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்து, இரண்டு கைகளாலும் முகத்தை வழித்துக்கொண்டு போய்விட்டான். இடுகாட்டைத் தாண்டும்போதுதான் அப்படிச் செய்வார்கள்.

"நமக்கு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போறான்," என்று சிரித்தான் தாலாய்பெக்.

பிறகு மேகம் இறங்கியது. முதலில் மலை, அப்புறம் சாலை, அப்புறம் பத்தடி தள்ளி நின்ற கார் என்று ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போக, கேஸ் அடுப்பைத் தவிர வேறு நெருப்பே இல்லாத அந்த இடத்தில் வறட்டிப் புகையும், நனைந்த கம்பளியும், பெரிய அண்டாவில் வேகும் ஆட்டுக்கறியும் சேர்ந்து மணக்கத் தொடங்கின.

"கிளம்பிடலாங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"இந்த மூட்டத்துல வண்டி ஓட்டச் சொல்றியா? பேசாம இரு." குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனான்.

கூடாரத்துக்குள் மீரிம் வலப்பக்கம் மல்லாந்து படுத்திருந்தாள். கம்பளி வீட்டில் வலப்பக்கம் பெண்களுடையது. செத்த பெண்ணையும் அங்கேதான் கிடத்துவார்கள். நூரிசா அவளை அள்ளி எடுத்தாள். மகளின் கால்கள் சில்லிட்டிருந்தன.

"விடும்மா. இதான் என் எடமாம்."

"யாரு சொன்னா?"

"சுவத்தப் பாத்து உக்காந்திருக்காங்களே, அவங்க."

இழவு வீட்டில் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் ஒப்பாரி வைப்பார்கள். மீரிம் எந்த இழவு வீட்டுக்கும் போனதில்லை.

ஓட வேண்டும். இப்போதே.

வெளியே குளம்புச் சத்தம். ஒன்றல்ல. மூட்டத்துக்குள்ளிருந்து ஆண்கள் அழுதுகொண்டே வந்தார்கள், துக்கம் கேட்க வருகிறவர்கள் தூரத்திலிருந்தே அழுது வருவதுபோல. வாசலில் ஒருவன் அவர்களுக்குப் பதில் அழுகை அழுதான்.

"போயிட்டியே மகளே... என் கண்ணே..."

தாலாய்பெக்கின் குரல்.

கூடாரத் துணியின் இடுக்கில் தெரிந்தான். செத்தவர் வீட்டு ஆண்கள் வாசலில் நிற்பதுபோல, கோலை ஊன்றி, இடுப்பு வளைந்து நின்றான். அவன் கண்களில் அழுகை இல்லை. பயம் மட்டுமே இருந்தது. வாய் தானாக அழுதது.

நூரிசாவின் கைகள் காலியாக இருந்தன. குழந்தையை எப்போது கீழே விட்டாள்? எப்போது உட்கார்ந்தாள்? கண்ணெதிரே கூடாரத்தின் சுவர். இரு பக்கமும் தோளோடு தோள் உரச யாரோ. கழுத்து திரும்பவில்லை. அவள் வாய் திறந்தது. ஒருநாளும் கற்காத ஒப்பாரி, மீரிமின் பெயரோடு, அடி பிசகாமல் வந்தது.

முதுகுக்குப் பின்னால் துணி சரசரத்தது.

"அம்மா, நான் முழிச்சிட்டுதான் இருக்கேன். ஏம்மா என் மூஞ்சிய மூடறாங்க?"

நூரிசா சுவரைப் பார்த்தபடி இன்னும் உரக்கப் பாடினாள்.