முள் இறங்கும் வரை

ரேடியேட்டரில் தண்ணீர் மறுபடியும் குறைந்திருந்தது. முதல் நாள் மாலை வண்டிக்கு அடியில் விரித்துவைத்த அட்டையை இன்ட்டா வெளியே இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காய்ந்த அட்டை. ஒரு சொட்டுக் கறைகூட இல்லை.

வெளிச்சமும் அதிகமில்லை. வட தாய்லாந்தின் மே ஹோங் சோன் மலைகளில் சோளத் தட்டைக்குத் தீ வைக்கிற மாதம் அது. கண்கூசாமல் பார்க்கக்கூடிய ஒரு சிவப்பு வட்டமாகச் சூரியன் புகைக்குள் தொங்கியது. அந்தப் புகை தகரக் கொட்டகையின் இடுக்குகள் வழியே மெல்லக் கசிந்து வந்து, பிக்கப்பின் திறந்த பானெட்டுக்குள் தனக்கென்று ஒரு இடம் இருப்பதுபோல் இறங்கி அடங்கியது. எங்கோ ஒரு சேவல், விடிந்ததா இல்லையா என்று தெரியாமல், விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது.

தண்ணீர் எங்கே போகிறது? எஞ்சின் ஆயிலில் கலந்திருந்தால் ஆயில் பால்போல் வெளுத்திருக்கும்; வெளுக்கவில்லை. சிலிண்டருக்குள் போய் எரிந்திருந்தால் பின்குழாயில் வெள்ளைப் புகை வரும், வரவில்லை. சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்தான். ஒழுங்காக வாய் திறந்தது. தண்ணீர் பம்பு புதிது, பெல்ட் புதிது. ஆனாலும் சாவியைத் திருப்பினால் போதும், சில்லிட்டுக் கிடக்கும் எஞ்சினிலும் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. சென்சரை மாற்றினான். முள் ஏறியது.

போன வருஷம் இதே புகைக்காலத்தில்தான் அவன் மனைவி புவாஜன் இந்த வண்டியின் முன்சீட்டில் செத்துப்போனாள். அவளுக்கு நுரையீரல் பலவீனம். அன்று காலையிலிருந்தே மூச்சு பிடிபடவில்லை. ஏற்றியிருந்த முட்டைக்கோஸை அப்படியே ரோட்டோரம் தள்ளிவிட்டு, அவளை உட்காரவைத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். பெரிய ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது. அதற்கு மேல் ஓட்டினால் எஞ்சின் இறுகி அங்கேயே நின்றுவிடும். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, சூடு தணியக் காத்திருந்தான். வேறு வண்டி ஒன்றும் வரவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் மூச்சு வாங்கினாள். சின்னதாக இரண்டு. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. பிறகு தோளைத் தூக்கி இழுக்கும் ஒரு பெரிய மூச்சு.

"இறங்கிருச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சந்தான்."

திரும்பத் திரும்பக் கேட்டாள். முள் இறங்கியபோது அவள் கேட்கவில்லை.

இன்று மதியம் புவாஜனின் தம்பி தேச்சா வந்தான். டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. கையில் பிரஷர் டெஸ்டர் இருந்தது: ஒரு கைப்பம்பு, ஒரு ரப்பர் குழாய், ஒரு சின்ன மீட்டர்.

"இன்னும் இந்தக் கிழட்டு வண்டியக் கட்டிக்கிட்டு அழறீங்களா அத்தான்? ஒரு எருமைய வாங்கியிருந்தா இந்நேரம் கன்னாச்சும் போட்டிருக்கும்."

"வாய மூடிட்டு மாட்டுடா."

ரேடியேட்டர் மூடி இருந்த வாயில் டெஸ்டரைப் பொருத்தி, தேச்சா பம்பை அடித்தான். மீட்டர் முள் ஏறி நின்றது.

"பாருங்க. ஓட்டை இருந்தா இறங்கும். இல்லன்னா அப்படியே நிக்கும். வேற ஒண்ணும் நடக்க வழியே இல்ல."

முள் இறங்கியது.

"சரி, ஓட்டைதான். எங்கனு பாப்போம்."

அவன் குனிவதற்குள் முள் மறுபடி ஏறியது. யாரும் பம்பைத் தொடவில்லை. எஞ்சின் ஓடவில்லை. இறங்கியது. ஏறியது. பிறகு அசையாமல் நின்றது. இருவரும் அதையே பார்த்தார்கள். ரேடியேட்டருக்கு உள்ளே எங்கோ தண்ணீர் மெல்லக் களகளத்தது. முள் நடுங்கி, சரேலென்று மேலே போனது.

சின்னதாக இரண்டு. ஒரு இடைவெளி. பெரிதாக ஒன்று.

தேச்சா சிரிக்க முயன்றான். "மீட்டர் கெட்டிருக்கும்." எஞ்சினுக்குப் போகும் மேல் ரப்பர் குழாயை அழுத்திப் பார்க்கக் கையை வைத்தவன், சட்டென்று எடுத்துப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். துடைத்துக்கொண்டே இருந்தான். சின்ன வயதில் ஒரே பாயில் அக்காவின் பக்கத்தில் படுத்து வளர்ந்தவன் அவன்.

"வண்டிய வித்துருங்க அத்தான்."

"தேச்சா."

"இன்னிக்கே வித்துருங்க."

டெஸ்டரைக்கூட எடுக்காமல் போனான். அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் புகைக்குள் தேய்ந்து மறைந்தது. சேவலும் எப்போதோ நிறுத்தியிருந்தது.

இன்ட்டா மேல் குழாயின் மீது இடது உள்ளங்கையை வைத்தான். சில்லென்றிருந்தது. உள்ளே ஏதோ விம்மி, அவன் கையை மெல்லத் தூக்கியது. தணிந்தது. தூக்கியது. கால்கள் ஓடிவிடச் சொல்லின. ஆனால் அந்த மூச்சுக்குப் பக்கத்தில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்தவன் அவன்.

"புவா," என்றான்.

இடைவெளி நீண்டது. முள் சரியத் தொடங்கியது. அன்று ஏற்றத்தில் அந்த முள் இறங்காதா என்றுதான் தவித்தான். இப்போது இந்த முள் இறங்கிவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய மூச்சு வரவில்லை. களகளப்பும் இல்லை. குழாய் தளர்ந்து கையடியில் துவண்டது.

அவன் பம்பை எடுத்து அடித்தான்.

முள் எழுந்தது. குழாய் விம்மியது. சின்னதாக இரண்டு. பெரிதாக ஒன்று.

நிறுத்தினான். சரிந்தது. அடித்தான். எழுந்தது.

வெளிச்சம் சிவந்து, பழுப்பேறி, போய்விட்டது. வலது கை முழங்கை வரை மரத்துப்போனது. கை மாற்ற நினைத்தான். இடது கை வரவில்லை. குழாய் அவன் விரல்களுக்கிடையில் விம்மிப் புகுந்து, பிடித்துக்கொண்டிருந்தது. மெதுவாகச் சூடேறிக்கொண்டிருந்தது. எஞ்சின் பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்து கிடந்தது. குழாய் மட்டும் சூடாகியது. காய்ச்சல் உடம்பின் சூடு. பிறகு அடுப்புச் சூடு.

விரல் வெந்தது. அவன் இழுக்கவில்லை.

அடித்தான். இரண்டு.

அடித்தான். இடைவெளி.

இருட்டில் மீட்டர் தெரியவில்லை. கையடியில் மூச்சு மட்டும் இருந்தது. அவன் அடிக்கும் வரை இருக்கும்.