கும்பிடு டேக்குவாண்டோ

தேயிலைத் தோட்டத்தின் மேல் வரிசை வீடுகளான மேல் லயத்து ரூபினி டேக்குவாண்டோ வகுப்பில் சேர்ந்த செய்தி, முதல் வகுப்பு முடிந்து அவள் வீடு திரும்புவதற்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது யார் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அத்தைக்கு முழங்கால் வலி. தண்ணீர்க் குழாய் வரைகூட நடக்க முடியாது என்பார். ஆனால் கையில் ஒரு செய்தி இருந்தால் கடைசி வீடு வரைக்கும் நடந்துவிடுவார்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேல?" என்று அத்தை திலகத்திடமே கேட்டார். திலகம் ரூபினியின் அம்மா.

"மழைக் குளிருல இவளுக்கு மூச்சு எளைக்குதுல்ல அத்தை? உடற்பயிற்சி செஞ்சா நல்லதுன்னு கிளினிக்குல சொன்னாங்க."

அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டேக்குவாண்டோ என்றால் ஓடுவது, கையைக் காலை நீட்டுவது, குனிந்து நிமிர்வது என்று நினைத்திருந்தார். அந்தக் குனிந்து நிமிர்வதில்தான் பின்னால் வம்பே வந்தது.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மாலையில், தோட்டத்து மண்டபத்தில் நடக்கும். சொல்லிக்கொடுப்பது புவனேஸ் அக்கா. வாரம் முழுக்க திரிங்காப் ஊரிலிருந்து பூ ஏற்றிய லோரி ஓட்டுகிறவர். மலை வளைவுகளில் லோரியை எவ்வளவு நிதானமாக ஓட்டுவாரோ, அதே நிதானத்தோடு பிள்ளைகளையும் ஓட்டுவார். கத்த மாட்டார். ஆனால் ஓடச் சொன்னால் ஓடித்தான் ஆக வேண்டும்.

ரூபினி ஓடினாள். முதலில் மண்டபத்தைச் சுற்றி வருவதற்குள் நெஞ்சு விசில் அடித்தது. போகப்போக விசில் குறைந்தது. காலைத் தூக்கினால் மற்றவர்களுக்கு இடுப்பு வரை போகும். இவளுக்குத் தலைக்கு மேலே போனது. சரிந்த மலையில் ஏறி இறங்கி வளர்ந்த கால் அல்லவா?

ஜோடி ஜோடியாக மோதும் பயிற்சி தொடங்கியதும்தான் சிக்கல் ஆரம்பித்தது.

எதிரே நின்றவன் ஷர்வின். ரூபினியின் வகுப்புத் தோழன். தலையிலும் நெஞ்சிலும் கவசம் மாட்டிக்கொண்டு ஆமை போல நின்றான். ரூபினி சுழன்று ஓர் உதை விட்டாள். அவன் நெஞ்சுக் கவசத்தில் தப்பென்று விழுந்தது. அருமையான உதை.

அடுத்த நொடி ரூபினி என்ன செய்தாள் தெரியுமா? உதைத்த இடத்தைத் தொட்டு, தலையைக் குனிந்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

ஷர்வினின் கால் அதற்குள் கிளம்பிவிட்டது. குனிந்த தலையில் டொக்கென்று விழுந்தது.

"என்னா லா நீ," என்றான் ஷர்வின். "சண்ட போடுறியா, சாமி கும்பிடுறியா?"

ரூபினிக்கே தெரியவில்லை. யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்பது அவளுக்கு நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து வந்த பழக்கம். பள்ளி பஸ்ஸில் பட்டால் தொட்டுக் கும்பிடுவாள். படுக்கையில் அம்மா மேல் பட்டால் தூக்கத்திலேயே தொட்டுக் கும்பிடுவாள். கை தானாகவே போய்விடும்.

மறுபடி உதைத்தாள். மறுபடி குனிந்தாள். மறுபடி டொக்.

"ஆள உதைக்க வேணாம். மூட்டைய உதை," என்றார் புவனேஸ் அக்கா. பழைய அரிசிச் சாக்கில் நாளிதழ்களைத் திணித்து உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். ரூபினி விட்ட உதையில் சாக்கு கிழிந்து, உள்ளிருந்த தாள் எட்டிப் பார்த்தது. காகிதத்தில் கால் படலாமா? அது சரஸ்வதி ஆயிற்றே. ரூபினி மூட்டையையும் தொட்டுக் கும்பிட்டாள்.

ஷர்வின் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "இது புது வகை லா. கும்பிடு டேக்குவாண்டோ."

அந்தப் பெயர் அன்று மாலையே லயத்துக்கு வந்து சேர்ந்தது. எந்த வீடு வழியாக வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பு முடிந்ததும் புவனேஸ் அக்கா அவளைத் தனியே கூப்பிட்டார்.

"தானா ராத்தா டவுன்ல போட்டி வருது. உன்ன மாதிரி கால் தூக்குறவங்க இங்க யாரும் இல்ல. உன்னக் கூட்டிட்டுப் போகணும்னுதான் எனக்கும் ஆச."

"வரேங்க்கா."

"ஆனா அங்க நீ குனிஞ்சா, எதிர்ல இருக்கிற புள்ள ஷர்வின் மாதிரி மெதுவா உதைக்காது. கழுத்துல பட்டா என்ன ஆவும்? வர்ற ஞாயிறு பாக்குறேன். அப்பவும் குனிஞ்சேன்னா உன்ன எறக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "கோவம் இல்ல ரூபினி. எனக்குப் பயம்," என்றார்.

ரூபினிக்குத் தானா ராத்தா போக வேண்டும். அந்தப் பெரிய மண்டபத்தில், நீலப் பாயின் மேல் ஒரு முறையாவது நிற்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

தலை ரிப்பனால் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழை மரத்தை உதைத்துப் பார்த்தாள். கை வரவில்லை. அதற்குப் பதிலாகத் தலை போய் நெற்றியால் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு அத்தை, "வாழைக்கு வேண்டுதலா?" என்று விசாரித்தார்.

சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தார். நாள் முழுக்கக் கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடித்து விரல்கள் மரத்துப்போயிருந்தன. வெந்நீரில் கையை அமிழ்த்திக்கொண்டு உட்கார்ந்தவரின் பக்கத்தில் ரூபினியும் உட்கார்ந்தாள்.

"ம்மா, கால் பட்டா எதுக்குத் தொட்டுக் கும்பிடுறோம்?"

"எல்லாருக்குள்ளயும் சாமி இருக்குல்ல. தெரியாம கால் பட்டுருச்சு, மன்னிச்சிரு அப்படின்னு அர்த்தம்."

"தெரிஞ்சே பட்டா?"

அம்மா திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சே யாராவது ஒருத்தர் மேல கால வைப்பாங்களா?"

ரூபினி வெந்நீரைப் பார்த்தாள். ஆவி வளைந்து வளைந்து போனது.

"நான் வைக்கிறேன் ம்மா. டேக்குவாண்டோன்னா அதுதான். உதைக்கணும்."

வெந்நீரில் அசைந்துகொண்டிருந்த அம்மாவின் விரல்கள் நின்றன. பக்கத்து வீட்டில் பாத்திரம் உருட்டும் சத்தமும் சட்டென்று நின்றது. லயத்துச் சுவர் மெல்லியது. அத்தையின் காது அதைவிடக் கூர்மையானது.

"தெரிஞ்சே உதைச்சிட்டு அப்புறம் கும்பிட்டா, அது என்ன கும்பிடு?" என்றார் அம்மா. திட்டுகிற குரலில் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார். அதனால்தான் அது ரூபினியின் மனதில் தைத்தது.

அம்மா சொன்னது சரி என்றால், வகுப்பையே விட வேண்டியதுதானா?

வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். கோயில் மேட்டின் மேல் இருக்கிறது. ஏற நிறையப் படிகள். பனி இறங்கி எல்லாம் ஈரமாக இருந்தது. அம்மா முன்னால் போய்விட்டார். ரூபினி அம்மாக்கண்ணு அத்தைக்குக் கை கொடுக்க நின்றாள்.

அத்தை முனகிக்கொண்டே குனிந்து அடிப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ரூபினியின் தோளைப் பிடித்தபடி ஏற ஆரம்பித்தார். யார் யார் வந்திருக்கிறார்கள், யார் புதுச் சேலை கட்டியிருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டே ஏறினார்.

ரூபினி பாதி வழியில் நின்றாள்.

"அத்தை, மத்த படியெல்லாம் தொடலியே?"

"ஒவ்வொண்ணா குனிஞ்சு தொட்டா நான் மேல போறதுக்குள்ள பொங்கல் தீந்துடும். மொதப் படியத் தொட்டா எல்லாத்துக்கும் சேத்துத்தான். நட."

ரூபினி நடக்கவில்லை. காலுக்கடியில் இருந்த படியையே பார்த்தாள். படியில் கால் தெரியாமலா படுகிறது? தெரிந்துதான் மிதிக்கிறோம். மிதிக்காமல் மேலே போக முடியாது. அதனால்தான் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறோம்.

"என்னடி, கால் சுளுக்கிக்கிச்சா?"

"இல்லத்தை," என்றாள் ரூபினி. "சரியாயிருச்சு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஷர்வின் தலைக் கவசத்தை மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றான். முறைப்படி இருவரும் வணங்கினார்கள். உடனே ரூபினி ஓரடி முன்னால் போய், அவன் நெஞ்சுக் கவசத்தைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னும் உதைக்கவே இல்லியே," என்றான் ஷர்வின்.

"இன்னிக்கு விழப்போறது எல்லாத்துக்கும் சேத்து. உனக்குச் சம்மதமா?"

"எல்லாம்னா எவ்வளவு லா?"

"நீ எவ்வளவு நேரம் நிப்பேன்னு பாக்கணும்."

ஷர்வின் யோசித்தான். "சரி," என்றான். சொல்லியிருக்க வேண்டாம் என்று கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தோன்றியது.

முதல் உதை விழுந்ததும் ரூபினியின் கை துடித்தது. ஆனால் அதற்குள் மனது, 'கேட்டாச்சு, அவனும் சரின்னு சொல்லியாச்சு' என்றது. கை முகத்தைக் காத்து அங்கேயே நின்றது. அடுத்த உதையில் கை துடிக்கவும் இல்லை. அதற்கடுத்த உதையில் ஷர்வின் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா," என்று உட்கார்ந்தபடியே கூப்பிட்டான். "இவ பழையபடியே கும்பிடட்டும்க்கா. அதுதான் எனக்கு நல்லது."

புவனேஸ் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு ரூபினியிடம், "சனிக்கிழமை காலைல நேரத்தோட பசியாறிட்டு வந்துரு. வேன் சீக்கிரம் கெளம்பிரும்," என்றார்.

வேனில் அம்மாவும் வந்தார். மகள் என்னதான் செய்கிறாள் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றார். அம்மாக்கண்ணு அத்தையும் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

தானா ராத்தா மண்டபம் பெரிதாக இருந்தது. நீலப் பாயின் அந்தப் பக்கத்தில் கம்போங் ராஜாவிலிருந்து வந்த சஃபியா நின்றாள். ரூபினியின் உயரம்தான், கால்கள் மட்டும் உறுதியாகத் தெரிந்தன. இருவரும் வணங்கினார்கள். ரூபினி முன்னால் போய்க் கை நீட்டினாள்.

சஃபியா சட்டென்று பின்வாங்கினாள். ஏதோ தந்திரம் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. நடுவர் கையை உயர்த்தி, என்ன இது என்று மலாயில் கேட்டார்.

"மிந்தா மாஃப் டூலு," என்றாள் ரூபினி. முதலிலேயே மன்னிப்புக் கேட்கிறேன் என்று அர்த்தம். "அப்புறம் கேக்க நேரம் இருக்காது," என்று அதையும் மலாயில் சேர்த்துச் சொன்னாள்.

நடுவர் வாயைக் குவித்துச் சிரிப்பை மறைத்தார். சஃபியா ரூபினியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தானே ஓரடி முன்னால் வந்து, தொட விட்டாள். தன் கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தாள். அவளும் மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

அதன் பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாக உதைத்தார்கள்.

சஃபியாவின் முதல் உதையில் ரூபினிக்கு மூச்சு நின்று வந்தது. கண்ணில் நீர் தளும்பியது. அழலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மூச்சை மெதுவாக உள்ளே இழுத்தாள். விசில் சத்தம் இல்லை. கால்களை ஊன்றி நின்று திருப்பி உதைத்தாள். கை ஒரு தடவைகூடக் கீழே போகவில்லை.

கடைசிச் சுற்றில் இருவருக்கும் சமமான புள்ளிகள். நேரம் முடியப்போகிறது. ரூபினி சுழன்று உதைத்தாள். ஊன்றிய கால் கொஞ்சம் வழுக்கியது. உதை தாழ்ந்துபோய் சஃபியாவின் முழங்காலில் பட்டது. சஃபியா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். இடுப்புக்குக் கீழே உதைத்தால் தவறு. எதிராளிக்கு ஒரு புள்ளி.

ரூபினி முதலில் நடுவரின் கையைப் பார்த்தாள். ஆட்டம் நின்றுவிட்டது, நிச்சயம். இது சஃபியா சம்மதித்த உதை அல்ல. தெரியாமல் பட்டது. குனிந்து, முழங்காலைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மண்டபமே பார்த்தது. "போச்சு, பழைய வியாதி திரும்பிருச்சு," என்று அத்தை சொன்னது மூன்று வரிசைக்குக் கேட்டது. அம்மா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சஃபியா ரூபினியின் கையைப் பிடித்தே எழுந்தாள். ஆட்டம் தொடர்ந்த சில நொடிகளில் மணி அடித்துவிட்டது. அந்த ஒரு புள்ளியில் சஃபியா ஜெயித்தாள்.

"தோத்துட்டேன்க்கா," என்றாள் ரூபினி.

"பாத்தேன்," என்றார் புவனேஸ் அக்கா, அவள் கவசத்தின் கயிற்றை அவிழ்த்தபடி. "நிறுத்தினதுக்கு அப்புறம்தான் குனிஞ்ச. அதையும் பாத்தேன்." அவர் முகத்தில் பயம் இல்லை.

திரும்பும் வழியில் அம்மா வேனில் ரூபினியின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ரூபினிக்கு அதுதான் தோல்வியைவிடக் கனமாக இருந்தது. இனி வகுப்புக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ?

வீட்டுக்கு வந்ததும் அம்மா தைலம் எடுத்து வந்தார். ரூபினியின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கணுக்காலுக்கு மேலே நீலம் பாய்ந்திருந்தது. வெளியே குழாயடியில், ரூபினியைவிட இரண்டு மடங்கு உயரமான ஒரு பெண்ணைப் பற்றி அம்மாக்கண்ணு அத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டார் அம்மா.

"கொஞ்சம்."

"அந்தப் புள்ளைக்கும் வலிக்கும்ல?"

"வலிக்கும் ம்மா. ஆனா கெளம்புறப்போ வேன் வரைக்கும் வந்து, அடுத்த போட்டிக்கும் வருவியான்னு கேட்டா."

அம்மா தைலத்தை அழுத்தித் தேய்த்தார். நெற்றியைச் சுருக்கி எதையோ யோசித்தார். பிறகு ரூபினியின் பாதத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கடைசி உத ரொம்பத் தாழ்ந்துபோச்சு," என்றார். "ஊன்றுற கால கொஞ்சம் அகட்டி வச்சிருந்தா வழுக்கியிருக்காது. ஞாயித்துக்கிழமை அத அக்காகிட்டக் கேட்டுப் பழகு."