வெல்டிங் பட்டறையும் வெடிக்கும் நட்சத்திரமும்

“பார்க்காதீங்க!”

மழைக்குள் ஓடிவந்து பட்டறை வாசலில் நின்ற கங்காவை வரவேற்றது அந்த அதட்டல்தான். நீலமும் வெள்ளையுமாய் ஓர் ஒளி... கண் கூசியது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒளி அணைந்தது. இரும்புக் கேட்டின் முன் குந்தியிருந்தவன் எழுந்து, கறுப்பு முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான்.

கண்கள்தான் முதலில் தெரிந்தன. முகமெல்லாம் கரியும் வியர்வையுமாக இருக்க, அந்தக் கண்கள் மட்டும் மழையில் கழுவிய மாதிரி... சே, என்ன நினைப்பு இது! சண்டை போட அல்லவா வந்தோம்?

“வெறுங்கண்ணால இதப் பார்த்தா ராத்திரியெல்லாம் கண்ணு எரியும், மிஸ். கேட் ஆர்டர் குடுக்க வந்தீங்களா?”

“கேட்டும் வேணாம், கிரில்லும் வேணாம். நீங்க வெல்டிங்க நிறுத்தணும்!”

அவன் சிரித்தான். “வெல்டிங்க நிறுத்திட்டு நா என்னா செய்யட்டும்... வாழப்பழம் பொரிச்சு பீசாங் கோரேங் விக்கட்டுமா?”

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள்.

கங்காவுக்குச் சொந்த ஊர் செரண்டா. கோலாலம்பூரில் இயற்பியல் மேற்படிப்பு. பட்டணத்து இரைச்சலுக்குத் தப்பி, கோலா சிலாங்கூருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அத்தை இராஜம்மாவின் வீட்டில் தங்கி, பின்னால் செம்பனை மரங்களுக்கு நடுவே கம்பி ஏரியல் கட்டியிருந்தாள். அறைக்குள் ஒரு ரேடியோ ரிசீவர். அதன் பேனா இரவெல்லாம் காகிதத்தில் கோடு போடும். பக்கத்திலேயே இருக்கும் இவன், இந்த அழகேசன், பட்டறையில் பொறி பறக்கவிட்டால் போதும்... கோடு தாறுமாறாகக் குதிக்கும், சரியும்!

“ரேடியோல என்னா கேக்கறீங்க? பாட்டா?”

“நட்சத்திரம் வெடிக்கறத. கண்ணுக்குத் தெரியாது, காமா கதிர். அது மேல காத்து மண்டலத்துல வந்து மோதினா, ஆஸ்திரேலியாலேருந்து வர்ற ரேடியோ அலை தடுமாறும். அத வச்சுக் கண்டுபிடிக்கலாம்.”

“வெடிச்சா நட்சத்திரம் போச்சே?”

“அதான் இல்ல! சிலது ஒரே எடத்துலேருந்து திரும்பத் திரும்ப வெடிக்குது. ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியல.”

“கோவக்கார நட்சத்திரம்னு சொல்லுங்க.” அவளை ஏற இறங்கப் பார்த்தான். “தோட்டத்துலயும் ஒன்னு எறங்கியிருக்கு போல...”

எண்பதுகளின் பிற்பாதி அது. அந்த நட்சத்திரங்களுக்கு மேக்னடார் என்று பெயர் சூட்ட இன்னும் சில வருஷம் இருந்தது.

பேச்சு உடன்பாட்டில் முடிந்தது. பகலில் அவன் இஷ்டம். பொழுது சாய்ந்தபின் வெல்டிங் கிடையாது. “சரி லா, வாக்கு,” என்றான்.

அதன்பின், காற்றில் சாய்ந்த ஏரியல் கம்பத்தை நிமிர்த்த ஒரு நாள் வந்தான். அத்தை போட்ட தேத்தண்ணியைக் குடிக்க மறுநாள் வந்தான். மூன்றாம் முறை எதற்கு வந்தான் என்று அவனுக்கும் தெரியவில்லை, அவளும் கேட்கவில்லை...

ஒரு நாள் விடியலில் காகிதத்தைப் பார்த்துத் துள்ளினாள் கங்கா. இரவு எட்டு மணி வாக்கில் கோடு ஒரேயடியாகக் கீழே விழுந்திருந்தது! தோட்ட ஆபீஸ் போனிலிருந்து பேராசிரியர் டாக்டர் செல்லையாவிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். திரும்பும் வழியில் பட்டறைக்கு ஓடினாள்.

“நேத்து ராத்திரி நீங்க வெல்டிங் செய்யலதானே?”

அந்த முகத்தில் அத்தனை ஒளி. அழகேசன் ஒரு கணம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“செஞ்சேன்.”

“என்னது?”

“சுங்கை புரோங் ஊர்லேருந்து வந்த நெல்லு லோரி. பின்கதவு பிஞ்சு நின்னுருச்சு. மழ வேற வர்ற மாதிரி... ஒங்ககிட்ட ஓடியாந்து சொல்லியிருக்கணும். தப்புதான்.”

“ஒங்க வாக்குக்கு அவ்வளவுதான் மரியாதையா?”

அவன் முகம் சுருங்கியது. முகமூடியை இறக்கிக்கொண்டான்.

பேராசிரியரிடம் சொன்னதையெல்லாம் விழுங்க வேண்டியதாயிற்று. “அந்தப் பட்டறை பக்கத்துல இருக்கறவரைக்கும் அங்க எதையும் நம்ப முடியாதும்மா. மாசக் கடைசியில சாமான ஏத்திடலாம்,” என்றார் அவர்.

அதற்குப் பிறகு பட்டறைப் பக்கமே திரும்பவில்லை கங்கா. ஆனால் மனசு கேட்டால்தானே! ஒரு ‘இல்ல’ சொல்லியிருந்தால் போதும்... நான் பூரித்துப் போயிருப்பேன். அவனுக்கு அது தெரியாதா? தெரிந்துமா உண்மையைச் சொன்னான்?

பேராசிரியர் வேனோடு வந்த அன்று காலையில், முந்தின இரவின் காகிதத்தில் கோடு மறுபடியும் விழுந்திருந்தது. விழுந்து, மெல்ல மெல்ல ஏறியிருந்தது.

“மறுபடியும் அந்தப் பட்டறையா?” என்றார் செல்லையா.

“கேட்டுடலாம் சார்.”

இருவரையும் பார்த்ததும் எழுந்து நின்றான் அழகேசன். அவள் பக்கம் பார்வையே போகவில்லை. “இல்ல சார். அந்த லோரிக்கு அப்புறம் பொழுது சாஞ்சு மிஷின தொட்டதே இல்ல. அவங்க பேசாட்டியும், சொன்னது சொன்னதுதானே.”

பேராசிரியர் ஆங்கிலத்துக்கு மாறி, குரலைத் தாழ்த்தினார். ஒரு பட்டறைக்காரரின் வாய்ச்சொல்லை வைத்து வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு டெலெக்ஸ் செய்தி அனுப்புவதா?

கங்கா தமிழிலேயே பதில் சொன்னாள், அவன் காதில் விழும்படி. “அனுப்பலாம் சார். பொய் சொன்னா நா சந்தோஷப்படுவேன்னு தெரிஞ்சும் அன்னிக்கு உண்மையச் சொன்னவர் இவர். இவர் இல்லன்னு சொன்னா இல்லதான். என் பேர்ல அனுப்புங்க. தப்பாப் போனா அவமானம் எனக்கு.”

அழகேசன் நிமிர்ந்தான். இத்தனை நாள் கழித்து அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன... அவளால்தான் தாங்க முடியவில்லை.

டெலெக்ஸ் போயிற்று. சாமான் வேனில் ஏறவில்லை. பதில் வர ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. வந்ததும் நேரே பட்டறைக்கு நடந்தாள் கங்கா.

“சேட்டலைட்டும் பார்த்திருக்காம்! அதே நிமிஷம், அதே வெடிப்பு. முன்ன ஒரு தடவ வெடிச்ச அதே நட்சத்திரம்...” வந்த டெலெக்ஸை அவனிடம் நீட்டினாள். “அன்னிக்கு ஒங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“வாக்கு தவறுனது நாதானே.”

“இப்ப சந்தோஷமா?”

“எனக்கு அந்தச் சந்தோஷம் போன வாரமே வந்துருச்சு மிஸ். சாருக்கு முன்னால எனக்காக நின்னீங்க பாருங்க...” துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். “இனிமே பெரிய ஆளாயிருவீங்க. கேஎல் பட்டணத்துக்கே போயிருவீங்கதானே?”

“சார் இங்கயே இருக்கச் சொல்லிட்டார். அவர் சொல்லாட்டியும் போயிருக்க மாட்டேன்.”

“ஏன்?”

ஏன் என்றா கேட்கிறான்! கங்கா அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். கூச்சம் வந்தது... வரட்டும்.

“ஒங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. நட்சத்திரம் வெடிக்காமப் போயிருந்தாலும் இத வந்து சொல்லியிருப்பேன்.”

துணி கையிலிருந்து நழுவியது அவனுக்குத் தெரியவில்லை.

“ஒங்க அத்த வீட்ல இருக்காங்களா?” என்றான் மெதுவாக.

“இருக்காங்க... எதுக்கு?”

“எங்கம்மாவ கூட்டிட்டு வரேன். நா நெனச்சுக்கிட்டே இருந்தத நீங்க சொல்லிட்டீங்க, கங்கா... பொண்ணு கேக்கறதயாவது நா செய்றேன்.”