படகுத்துறையில் ஒரு பைன் மரம்

மே 17, சனிக்கிழமை. காலை 11.12.

கிம்மோவைக் காணவில்லை.

கிம்மோ இறந்து ஐந்து வருடமாகிறது. ஆனாலும் ஒவ்வொரு பிறந்தநாளன்றும் அவன் வந்துவிடுவான். உள்ளங்கை அகலத் திரையில், ஒரு கலங்கரை விளக்கத்தின் உச்சியில், நீலத் தொப்பியோடு நிற்பான். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கடைசியாக விளையாடி அவன் சேமித்து வைத்த இடம் அது. பின்லாந்தில், தாம்பெரே ஊரின் பழைய பஞ்சாலைக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில் கூடும், ‘கேம் பாய்’ என்னும் பழைய கைவிளையாட்டுக் கருவியின் ரசிகர் சங்கத்தார் அன்று கண்ணாடி அலமாரியைத் திறந்து அவன் விளையாட்டுக் கேசட்டை எடுப்பார்கள். ‘தொடர்’ என்பதை அழுத்தி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். வேறு எந்தப் பொத்தானையும் தொடமாட்டார்கள். அணைத்துவிட்டுக் காபி குடிப்பார்கள். அவன் அக்கா விர்வேவுக்குக் கல்லறைக்குப் போவதைவிட இதுதான் பிடித்திருந்தது.

இன்று திரையில் ‘நிலாத் தீவு’ என்ற தலைப்பு வந்தது. அதன் கீழே ‘புதிய ஆட்டம்’ என்று ஒரே ஒரு வரி. ‘தொடர்’ இல்லை.

விர்வே டிராம் ஓட்டுகிறவள். கடிகாரம் எங்கிருந்தாலும் அவள் கண் தானாக அங்கே போய்விடும். திரையின் மூலையிலிருந்த குட்டிக் கடிகாரம் 10.08 என்றது. சுவரில் 11.12. அது வழக்கம்தான். கிம்மோ போனது பிப்ரவரியில். ஊர் வழக்கப்படி கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்க அவன் இல்லை, மற்றவர்களுக்கு மனம் வரவில்லை. போதாததற்கு அந்தக் கேசட் ஐந்து வருடத்தில் நான்கு நிமிடம் சோம்பியும் இருந்தது.

“தொப்பிக்காரனைக் காணோமே,” என்றார் சங்கத்தின் தலைவி மார்கெத்தா. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

விர்வே உட்கார்ந்துவிட்டாள். இந்த வருடம் வெறுமனே பார்க்கப் போவதில்லை, கிம்மோ கட்டிய தீவு முழுவதும் நடந்து பார்த்து, படம் பிடித்து வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று போன வாரம்தான் அவள் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். அதற்காகப் புது போன்கூட வாங்கியிருந்தாள்.

காபிக் குடுவையருகே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஆர்த்தோ கேட்டான்: “என்னாச்சு?”

11.25.

சங்கத்தில் எந்தக் கருவிக்கு நோய் வந்தாலும் ஆர்த்தோதான் வைத்தியன். கிம்மோவின் சிநேகிதன். பள்ளி நாளிலிருந்து இருவரும் ஒரே கேம் பாயை மாற்றி மாற்றி விளையாடியவர்கள். சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கியதும் அவன்தான்.

கேசட்டை வாங்கிக்கொண்டு தன் மேஜைக்குப் போனான். திருகாணியைக் கழற்றினான். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, ஊசிகளைப் பேட்டரியின் மேல் வைத்தான்.

“சைபர்,” என்றான். “செத்துப்போச்சு, விர்வே. பேட்டரி போனா சேமிச்சதும் போச்சு. கடிகாரம் இருக்கற கேசட் பேட்டரியைச் சீக்கிரம் குடிச்சிடும்.”

சால்டரிங் கம்பியால் பேட்டரியைப் பெயர்த்தான். கறுப்பு டேப்பைப் பல்லால் கிழித்து அதைச் சுற்றிச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டான். தொப் என்று விழுந்தது. பெட்டியின் மேல் அவன் கைப்பட எழுதிய எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருந்தது. உலகத்து எச்சரிக்கைச் சீட்டுகளையெல்லாம் போல அதையும் யாரும் படிப்பதில்லை.

“அப்படியே என்னோடதையும் பாத்துடுப்பா,” என்று இன்னொரு ‘நிலாத் தீவு’ கேசட்டை நீட்டினான் செவேரி. சேகரிப்புப் பைத்தியம். “காலைலதான் மண்டையப் போட்டுச்சு.”

ஆர்த்தோ அதையும் திறந்தான், அளந்தான், பெயர்த்துப் போட்டான். டிங் என்றது.

“ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கலாமே,” என்று மார்கெத்தா அங்கலாய்த்தார்.

“நான்தான் வேணாம்னு சொன்னேன். நகல் எடுக்கப் போயி உள்ளதும் அழிஞ்சிடுமோன்னு பயம். என்னை மன்னிச்சிடு, விர்வே.”

ஆர்த்தோ அணைக்கக் கைகளை விரித்தான். விர்வே அவன் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு அதை நினைத்தபோதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

11.45.

இலவங்கப்பட்டை ரொட்டியை விர்வே பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை. செவேரி ஆறுதல் சொல்ல வந்து, வழக்கம்போல் தன் கேசட்டைப் பற்றியே பேசினான்.

“என்னோடது எப்படிச் செத்துச்சுன்னு பாரு.” போனில் இருந்த படத்தைக் காட்டினான். தலைப்பு, கீழே ‘புதிய ஆட்டம்’, மூலையில் 00.00. “கண்ணடிச்சுக்கிட்டே இருந்துச்சு, பாவம்.”

விர்வே அந்தப் படத்தை வேண்டியதைவிட அதிக நேரம் பார்த்தாள். பிறகு ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

“செவேரி, பேட்டரி நல்லா இருக்கறப்போ சேமிச்சது தானா அழியுமா?”

“எப்படி அழியும்? நாமதான் அழிக்கணும். அதுவும் மூணு தரம் கேக்கும். ‘அழிக்கட்டுமா? நிஜமாவா? அப்புறம் வருத்தப்படமாட்டியே?’ன்னு.”

“இந்தக் கேசட்டை நீ விலைக்குக் கேட்டிருந்தியே.”

செவேரியின் முகம் சிவந்தது. “கேட்டேன். கிம்மோ கட்டுன தீவோட கேட்டேன். வெறும் கேசட்டுதான் என்கிட்ட இருக்கே, எதுக்கு அழிக்கப் போறேன்?”

“நேத்து நீ வந்தியா?”

“ஏழு மணிக்கு. வயர் எடுக்க.”

“யார் இருந்தா?”

“ஆர்த்தோ மட்டும்தான். அலமாரிக் கண்ணாடியைத் துடைச்சிட்டிருந்தான். ‘நீயா துடைக்கறே, இன்னிக்கு சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது?’ன்னுகூடக் கேட்டேன். சிரிக்கவே இல்லை.”

அவள் மார்கெத்தாவிடம் போனாள். “அலமாரிச் சாவி நேத்து எங்க இருந்துச்சு?”

“காபி டப்பாவுக்குப் பின்னாடி, ஆணியில. எப்பவும் அங்கதானேம்மா. இங்க யாரு திருடப் போறா?”

“நேத்து யாரெல்லாம் வந்தாங்க?”

“ஆறு மணிக்கு ஆர்த்தோ வந்தான், இன்னிக்கு விழாவுக்கு மேஜை போட. அப்புறம் செவேரி. ஏழரைக்கு நான் வந்து பூட்டினேன். ஏன் கண்ணு, முகமெல்லாம் இப்படி வெளுத்திருக்கு?”

12.05.

அன்று இன்னொரு விசேஷமும் இருந்தது. ஆர்த்தோ மூன்று வருடமாக உருவாக்கிய புத்தம் புது கேம் வெளியாகும் நாள். பெயர் ‘காவல் தீவு’. பழைய கேம் பாய்க்காகவே செய்த புது விளையாட்டு. பெட்டியின் முகப்பில் அவன் பெயர் மட்டும். ஊர் ஊராக முன்பதிவு ஆகிவிட்டது. அடுத்த மாதம் ஹெல்சின்கியில் விருதுகூடக் கிடைக்கலாம் என்று பேச்சு.

“நீ விளையாடிப் பாக்கலையா?” என்று செவேரி கருவியை அவள் கையில் திணித்தான். “அந்தப் படகுத்துறைக்குப் போ. பலகைக்கு நட்ட நடுவுல ஒரு பைன் மரம் முளைச்சிருக்கு. என்ன கற்பனைடா அவனுக்கு!”

விர்வே நடந்தாள். நீராவிக் குளியலுக்கான சவுனாக் குடிசை, கிணறு, ஸ்ட்ராபெரிப் பாத்தி. படகுத்துறை வந்தது. நடுவில் மரம்.

அவள் கட்டைவிரல் நின்றுவிட்டது. அந்த மரத்தை அவளுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில், கையில் மருந்துக் குழாயோடு கிம்மோ தீவைக் கட்டிக்கொண்டிருந்தான். குழாய் இடறி விரல் தவறான பொத்தானில் விழுந்தது. படகுத்துறையின் நடுவே மரம் முளைத்துவிட்டது. ‘நிலாத் தீவில்’ நட்டதைப் பிடுங்க முடியாது. “போச்சுடி அக்கா, இனி படகுல ஏறணும்னா மரத்தைச் சுத்திக்கிட்டுத்தான் போகணும்,” என்று அவன் இருமி இருமிச் சிரித்தான். அவர்கள் இருவரைத் தவிர அந்த மரத்தை யாரும் பார்த்ததில்லை. பிறந்தநாள்தோறும் பார்த்ததெல்லாம் கலங்கரை விளக்கத்தின் உச்சி மட்டும்தான்.

12.20.

“மார்கெத்தா, கதவைச் சாத்துங்க,” என்றாள் விர்வே. “ஆர்த்தோ, நீ அப்படியே உட்காரு.”

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“கிம்மோவை அழிச்சது பேட்டரி இல்லை. ஒரு ஆளு.”

“விர்வே, உனக்கு மனசு சரியில்லை,” என்றான் ஆர்த்தோ இதமாக.

“மனசு சரியில்லைதான். கண்ணு சரியா இருக்கு. பதினொண்ணு பன்னிரண்டுக்குத் திரையில மணி பத்து எட்டு. கிம்மோவோட குளிர்கால மணி, அந்த நாலு நிமிஷச் சோம்பலோட. செத்த பேட்டரியில மணி ஓடாது. செவேரி, உன் படத்தைக் காட்டு.”

செவேரி படத்தைக் காட்டினான். 00.00.

“அடக் கடவுளே,” என்றார் மார்கெத்தா.

“கேசட்டைப் போட்டப்போ பேட்டரி உயிரோட இருந்துச்சு. அதுக்கப்புறம் அது ஒரே ஒருத்தன் கைக்குத்தான் போச்சு. அவன்தான் செத்துடுச்சுன்னு சொன்னான். ஏன் சொன்னான்? பேட்டரி சாகலைன்னா யாரோ அழிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிடும். நேத்தே இதை எடுத்துட்டு ஒரு செத்த பேட்டரியை வெச்சிருப்பான், செவேரி வந்து கெடுத்துட்டான். கண்ணாடி துடைக்கற மாதிரி நடிக்க வேண்டியதாப் போச்சு.”

“நீ கடிகாரத்தைத் தப்பாப் பாத்திருப்பே,” என்றான் ஆர்த்தோ. குரலில் இதம் போய்விட்டது.

“பதினோரு வருஷமா நிமிஷக் கணக்குல வண்டி ஓட்டறேன். இருந்தாலும் என் பேச்சு வேணாம். உன் சீட்டே பேசட்டும். மார்கெத்தா, அந்தச் சிவப்புப் பெட்டி மேல என்ன எழுதியிருக்குன்னு படிங்க.”

மார்கெத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “‘செத்த பேட்டரியை அப்படியே போடலாம். உயிர் மிச்சமுள்ள பேட்டரிக்குக் கட்டாயம் டேப் சுற்றவும். ஏற்கெனவே ஒரு முறை இந்தப் பெட்டி புகைந்தது. ஆர்த்தோ.’”

விர்வே பெட்டியை மேஜைமேல் கவிழ்த்தாள். டிங் டிங்கென்று இருபது முப்பது பேட்டரிகள் உருண்டன. ஒன்று மட்டும் கறுப்பு டேப்போடு பேசாமல் கிடந்தது.

“செவேரியோடது டிங்குன்னு விழுந்துச்சு. கிம்மோவோடது தொப்புன்னு விழுந்துச்சு. பொய் சொன்னது உன் வாய், ஆர்த்தோ. கைக்குப் பொய் சொல்லத் தெரியலை. கட்டடம் எரிஞ்சிடக்கூடாதுன்னு அக்கறையா டேப் சுத்திடுச்சு.”

செவேரி டேப்பைப் பிரித்து மல்டிமீட்டரில் வைத்தான். சைபர் இல்லை, மூன்று வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது: உயிருள்ள பேட்டரி.

“ஆனா எதுக்கு?” என்றார் மார்கெத்தா. “எதுக்குடா செஞ்சே?”

“இதுக்கு.” விர்வே ‘காவல் தீவு’ ஓடிக்கொண்டிருந்த கருவியை மேஜையில் வைத்தாள். “இது கிம்மோ கட்டுன தீவு. மரம் உட்பட. நாம இன்னிக்கு நடந்து பாத்திருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். எல்லாரையும் நம்பிச் சாவியை ஆணியில மாட்டினோம், வேலியே பயிரை மேஞ்சிடுச்சு.”

ஆர்த்தோ மேஜையைப் பார்த்தபடியே சொன்னான்: “மூணு வருஷம் உழைச்சேன், விர்வே. தீவு மட்டும்தான் அவனோடது. மிச்சமெல்லாம் நான்தான். சொல்லணும்னு நெனச்சேன். நாள் போகப் போக வாய் வரலை. போன வாரம் நீ நடந்து பாக்கலாம்னு சொன்னப்போ...”

“மூணு தரம் கேட்டிருக்கும். மூணு தரமும் ஆமான்னு அழுத்தியிருக்கே.”

அவன் தலை கவிழ்ந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் முகத்தில் இப்போது ஒட்டவைக்க ஒரு பருக்கையும் இல்லை.

“அந்த மரத்தை எங்கிருந்து எடுத்தே?” என்று விர்வே கேட்டாள். “நினைவுலேர்ந்து வரைய நீ அதைப் பார்த்ததே இல்லை. அப்போ நகல் எடுத்திருக்கே. வேணாம், அழிஞ்சிடும்னு எனக்குச் சொல்லிட்டு நீ எடுத்து வெச்சிருக்கே. எங்க?”

ஆர்த்தோ மெதுவாகப் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தான்.

12.50.

பழைய விளையாட்டுகளெல்லாம் ஓடும் செவேரியின் புதுக் கைக்கருவியில் அந்த நகலை ஏற்றினார்கள். ‘தொடர்’ வந்தது. கலங்கரை விளக்கத்தின் உச்சியில், நீலத் தொப்பியோடு கிம்மோ நின்றான். மார்கெத்தா மூக்கைச் சிந்தினார்.

“நீ இதுக்குள்ள நடந்து பாத்தியா?” என்று விர்வே கேட்டாள்.

“இல்லை. கம்ப்யூட்டர்ல வரைபடத்தை மட்டும் உருவினேன். விளையாட மனசு வரலை.”

விர்வே கிம்மோவைப் படியிறங்க வைத்தாள். கலங்கரை விளக்கத்தின் அடியில் ஒரு தபால் பெட்டி இருந்தது. உள்ளே கடிதம் உண்டு என்பதற்கு அடையாளமாக அதன்மேல் சின்னக் கொடி உயர்ந்திருந்தது. அந்த விளையாட்டில் தீவைச் சேமிக்கும் முன் யாருக்காவது நான்கு வரிக் கடிதம் எழுதி வைக்கலாம். அவள் திறந்து படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். பிறகு கருவியை ஆர்த்தோவின் கையில் கொடுத்தாள்.

*ஆர்த்தோ, இந்தத் தீவு உனக்கு.*
*நீ கேம் செய்யறப்போ வெச்சுக்கோ.*
*படகுத்துறை மரத்தை மட்டும் வெட்டிடு.*
*அது தப்பா நட்டது. கிம்மோ.*

ஆர்த்தோ கேட்டிருந்தால் கிம்மோ கொடுத்திருப்பான். கிம்மோவோ கேட்காமலே கொடுத்திருந்தான். ஐந்து வருடமாகக் கண்ணாடி அலமாரியில், ஆர்த்தோவின் மேஜைக்கு நாலடி தூரத்தில், அது அவன் பெயரோடு காத்துக் கிடந்திருக்கிறது. சொந்த வீட்டில் கன்னம் வைத்த திருடனை விர்வே அன்றுதான் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

அவள் நகலைத் தன் போனின் நினைவக அட்டையில் ஏற்றிக்கொண்டாள். ஆணியிலிருந்த அலமாரிச் சாவியை எடுத்து மார்கெத்தாவிடம் கொடுத்தாள். வாசலில் கழற்றிப் போட்ட காலணியை மாட்டக் குனிந்தாள். ஆர்த்தோ பின்னாலேயே வந்து நின்றான். அழுதுகொண்டிருந்தான்.

“விர்வே, பெட்டியில அவன் பேரைப் போடறேன். எல்லாருக்கும் சொல்லிடறேன். அந்த மரத்தையும்... அவன் சொன்ன மாதிரி வெட்டிடட்டுமா?”

“வேண்டாம்,” என்றாள் விர்வே. “அது இருக்கட்டும். விளையாடறவங்க எல்லாரும் உன்னைக் கேப்பாங்க, படகுத்துறையில ஏன் மரம்னு. ஒவ்வொருத்தருக்கும் நீ பதில் சொல்லு.”

மணி 1.04. அவளுடைய டிராம் 1.09க்கு. விர்வே படியிறங்கினாள்.