அப்படியே எடுக்கிறான்

ஆபீசர் குளியலறையில் தொண்டையைச் செருமியதும், சமையலறையில் அவர் மனைவி சிரித்தாள்.

வாய்விட்டுச் சிரித்த சிரிப்பல்ல. அடக்கப் பார்த்து, அடங்காமல் மூக்கு வழியாகத் தப்பித்த சிரிப்பு. ஆனாலும் அவர் காதில் விழுந்தது. அந்த வீட்டில் அவருக்குத் தெரியாமல் ஒரு கரண்டி கீழே விழுந்ததில்லை. காலையில் அவர் செருமுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சின்னதாக, பிறகு கனமாக, கடைசியில் பூட்டிய கதவை முட்டித் தள்ளுவதுபோல. அதைக் கேட்டுத்தான் அடுப்பு எரியும், செய்தித்தாள் மேசைக்கு வரும், மகன் படுக்கையைச் சுருட்டுவான். கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டு அவள் எழுந்து ஓடியிருக்கிறாளே தவிர, சிரித்ததில்லை.

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். "என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க." அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. "நேத்து மேடையில நம்ம புள்ள உங்களை மாதிரியே பண்ணிக் காட்டினான். இந்தச் செருமலை அப்படியே எடுக்கிறான்ங்க. கண்ணை மூடிக்கிட்டா நீங்கதான்."

"அக்கா வீட்டுக்குப் போறேன்னுதானே சொன்னே?"

"அக்காவையும் கூட்டிட்டுத்தான் போனேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சில விஷயங்களைப் பேசினாலே இழிவு.

துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எத்தனையோ பேரின் பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளே இருந்ததை வெளியே எடுத்தவர். தன் வீட்டில் இருந்ததை மட்டும் ஒருவரும் பார்க்க விட்டதில்லை. தம்பி குடித்துச் சீரழிந்தது வாசலைத் தாண்டவில்லை. தங்கை புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தது தாண்டவில்லை. மகன் நல்ல வேலையை உதறிவிட்டு, மைக்கின் முன்னால் நின்று நாலு பேரைச் சிரிக்கவைக்கப் போனதும் தாண்டவில்லை. பையன் வெளிநாட்டில் கப்பல் கம்பெனியில் இருக்கிறான் என்று உறவினரிடம் சொல்லிவைத்திருந்தார். யாராவது வீட்டுக்கு வந்தால் மகன் பின்னறைக்குள் போய்விட வேண்டும். அவர்கள் கிளம்பும்வரை இருமக்கூடக் கூடாது. அப்படி எத்தனையோ மாலைகள், அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கூடத்தில் அப்பா பேசுவதை அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கேட்பதைத் தவிர அவனுக்கு அங்கே வேலை ஏதும் இல்லை.

மறுநாள் காலை ஆபீசர் கண்ணாடி முன் நின்று, வழக்கம்போல் நெஞ்சை நிமிர்த்திச் செருமினார்.

காற்று வந்தது. வெறும் காற்று.

மீண்டும் செருமினார். எப்படி ஆரம்பிப்பது என்றே தொண்டைக்குத் தெரியவில்லை. வெளியே அடுப்பு எரியவில்லை, செய்தித்தாள் வாசலிலேயே கிடந்தது. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றே மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள்.

சளி என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். முதுகை வளைக்காமல், இரண்டு கையையும் பின்னால் கட்டி, ஒவ்வொரு காலாகத் தரைக்கு உத்தரவு போடுவதுபோல் வைத்து நடப்பவர் அவர். கடைக்காரர் அவர் வருவதைத் தெருமுனையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்; பார்க்கப் பார்க்க அவர் உதடு கோணியது.

"சார், தப்பா நினைக்காதீங்க. இன்னொரு தடவை அந்தப் பக்கத்துல இருந்து நடந்து வாங்களேன்."

"எதுக்கு?"

"மேடையில உங்க பையன் நடக்கிற மாதிரியே அப்படியே நடக்கிறீங்க, சார்." மாத்திரையை உறையில் போட்டு நீட்டினார். "ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, தம்பி நடக்கிறதுலதான் ஒரு கெத்து இருக்கு."

திரும்பி வரும் வழியில் கால் தடுமாறியது. எந்தக் காலுக்குப் பிறகு எந்தக் கால் என்று யோசிக்க வேண்டியிருந்தது. முதுகு தானாக வளைந்தது. நிமிர்த்தப் பார்த்தார், நிமிர்ந்து நிற்பது எப்படி இருக்கும் என்பது நினைவில் இல்லை.

அன்று மனைவியின் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். "என்ன அத்தான், மருமகனோட கப்பல் சனிக்கிழமை டவுன் ஹால்ல கரை தட்டுதாமே. நிகழ்ச்சிக்குப் பேரே 'அப்பா'வாம். குடும்பத்தோட டிக்கெட் எடுத்துட்டோம். அவன் கப்பல் ஏறிட்டான்னு சொன்னீங்க. இப்பப் பாத்தா வேற எதோ ஏறியிருக்கும் போலிருக்கே."

ஆபீசர் பதில் சொன்னார். மறுமுனையில் மைத்துனன் குரலை உயர்த்தினான். "ஹலோ? யாரு பேசுறது? அத்தான்கிட்டக் குடுங்க."

வெள்ளிக்கிழமை, வெளிச்சம் போயும் போகாத நேரம். கூடத்தில் விளக்குப் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு, சுவரில் ஏறிக்கொண்டிருந்த ஜன்னல் கம்பிகளின் நிழலும், கழுவிய தரையிலிருந்து கிளம்பும் பினாயில் வாடையும், எங்கோ குழாயிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீரும், எல்லாம் பழக்கப்பட்டவையாகவும் யாருடையவோ போலவும் இருந்தன. அப்போது பின்னறைக்குள் யாரோ செருமினார்கள். முதலில் சின்னதாக. பிறகு கனமாக. அப்புறம் அந்தக் கடைசிச் செருமல்.

அவர் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார்.

"பெட்டியைத் திற," என்றது அவருடைய குரல். பின்னறையில். அடிவயிற்றிலிருந்து வந்து, மேல் அண்ணத்தில் தட்டி, கடைசி எழுத்தைக் கத்தரித்துவிடும் அதே குரல். "அறிவிக்க வேண்டியது ஏதாவது உண்டா? இல்லையா? நானே பாத்துக்கிறேன், விலகு." சிறிது நேரம் கழித்து, சற்று உரக்க: "வெந்நீர் எங்கே?"

"இதோ வந்துட்டேங்க," என்றாள் மனைவி.

சமையலறையிலிருந்து டம்ளரை ஏந்திக்கொண்டு வந்தாள். அவர் நாற்காலியை ஒட்டித்தான் நடந்தாள்; வெந்நீரின் ஆவி அவர் கன்னத்தில் பட்டது. நிற்கவில்லை. பின்னறைக் கதவைத் தள்ளி உள்ளே போனாள். "சூடு போதுமான்னு பாருங்க," என்று அவள் சொன்னதில், அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட அந்தப் பயமும் மரியாதையும் ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தன.

"நான் இங்க இருக்கேன்," என்றார் ஆபீசர். தேய்ந்த கீலின் முனகல்போல் ஏதோ வந்தது.

"யாருங்க அது கூடத்துல?" என்று உள்ளே மனைவி கேட்டாள்.

"யாரும் இல்லை. நீ போ," என்றது அவருடைய குரல்.

அவள் போனதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்தார். மகன் கண்ணாடி முன், கையைப் பின்னால் கட்டி, நிமிர்ந்து நின்றிருந்தான். இப்படி நிமிர்ந்து நின்று அவர் அவனைப் பார்த்ததில்லை.

"நிகழ்ச்சியை நிறுத்து. குடும்ப மானம்," என்று முனகினார் ஆபீசர்.

மகன் தலையைச் சாய்த்துக் கேட்டான், வெட்டியதுபோக மிச்சமிருக்கும் துணியைத் தையற்காரர் பார்ப்பதுபோல. பிறகு தன் சொந்தக் குரலில், கிட்டத்தட்டப் பாசமாக, சொன்னான்.

"எல்லாம் வந்துடுச்சுப்பா. கோபம் மட்டும்தான் இன்னும் படியல. அதை இங்க எடுக்க முடியாது, கூட்டம் வேணும். நாளைக்கு வந்துடுங்க."

போகக் கூடாது என்று முடிவு செய்தார். சனிக்கிழமை மாலை கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி அலமாரியிலிருந்து அவருடைய கறுப்புக் கோட்டை எடுத்துத் தூசி தட்டுவது கேட்டது. யாருக்கு என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் வாசல் கதவு சாத்தப்பட்டது. மைத்துனன் அங்கே இருப்பான். தங்கையின் புகுந்த வீட்டார் இருப்பார்கள். அவர் அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், எல்லாம் அந்த மேடையில் வாரி இறைக்கப்படும். கட்டிலில் கிடந்து அதைப் பொறுத்துக்கொள்ளும் ஆளா அவர்? கோபப்படாமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு வார்த்தை பேசாமல், கல்லாக, அவன் கண்ணில் படும்படி. அது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காமல் திரும்பி வந்தால் போதும்.

டவுன் ஹால் வாசலில் டிக்கெட் கிழிப்பவன் கையை நீட்டினான்.

"நான் அவன் அப்பா."

"அவர் அப்பவே கோட்டோட வந்து மேடைக்குப் போயிட்டாரே, பெரியவரே." அவரை ஏற இறங்கப் பார்த்தான். அந்தப் பார்வையில் கேலி இல்லை; கணக்குப் பார்த்து வைத்திருந்த ஓர் இடம் நிரம்பிய திருப்தி இருந்தது. "பரவாயில்லை. டிக்கெட் வேண்டாம். கடைசி வரிசைல ஒரு சீட்டு காலியா வச்சிருக்கோம்."

உள்ளே இருட்டு. நனைந்து காயாத மெத்தையின் வாடை, பழைய தலை எண்ணெயின் வாடை. அவர் தடவித் தடவி உட்கார்ந்தார். மேடையில், வட்ட வெளிச்சத்தில், கறுப்புக் கோட்டில், அவரே நின்றுகொண்டிருந்தார்.

"எங்க அப்பா எனக்கு வெளிநாட்டுல வேலை வாங்கிக் குடுத்திருக்காரு," என்றான் மகன். "சொந்தக்காரங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்."

மன்றம் சிரித்தது. ஆனால் அதற்கு முன்பே, அவன் வாக்கியத்தை முடிக்கும் முன்பே, கடைசி வரிசை சிரித்துவிட்டது.

ஆபீசர் பக்கவாட்டில் பார்த்தார். ஒரு வாத்தியார் கண்ணாடி. அதன் பின்னால் எதையும் பார்க்காத கண். அடுத்து, இடுப்பில் சாவிக்கொத்துச் செருகிய ஒரு மாமியார். காவலாளிச் சட்டையில் ஒருவர். வாடகை கேட்டு வீட்டு வாசலில் நிற்பவர்போல் ஒருவர். ஒவ்வொருவரும், எவனோ ஒருவன் ஏதோ ஒரு மேடையில் அப்படியே எடுத்துக்கொண்டுபோனதன் மிச்சம்போல் இருந்தார்கள். எல்லோர் வாயும் ஒரே அளவு திறந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் கைதட்டும்போது ஈரச் சத்தம் கேட்டது. தட்டித் தட்டி உள்ளங்கைகளில் தோலே இல்லை.

எழுந்து போய்விடலாம். இப்போதே.

"தாத்தா செத்த அன்னைக்கும் நான் கப்பல்லதான் இருந்தேன்," என்றான் மகன். "பின்னறைக் கப்பல். கதவு வெளியே பூட்டியிருக்கு. தாத்தாவைத் தூக்கிட்டுப் போறதைச் சாவி ஓட்டை வழியாப் பாத்தேன். அழுதேன். அப்ப ஆபீசர் வர்றாரு. கதவுகிட்ட வாயை வச்சு, ரொம்ப மெதுவா..."

அவன் குனிந்தான். அவருடைய குரலில் கிசுகிசுத்தான்.

"'அழாதே. வெளியே கேக்கும்.'"

முன்வரிசையில் மைத்துனன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கிசுகிசுப்பு வெளியே யாருக்கும் தெரியாதது. அவளுக்கும் தெரியாதது. அவருக்கும் கதவுக்கும் மட்டும் தெரிந்தது.

அவர் எழுந்துவிட்டார். உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. வாயைத் திறந்தார்.

"நிறுத்து."

மேடையிலிருந்து வந்தது அது. கீழ் உதடு துடிக்க, கழுத்து நரம்பு புடைக்க, ஆள்காட்டி விரல் கடைசி வரிசையை நோக்கி நீள. மன்றம் ஒரு நொடி உண்மையாகவே நடுங்கியது. பிறகு வெடித்தது.

கோபம் எங்கே? தேடினார். இருந்த இடம் சில்லென்றிருந்தது. உட்கார்ந்தார். உட்கார வேண்டும் என்று நினைக்கவில்லை. உட்கார்ந்திருந்தார்.

வாய் திறந்துகொண்டது. கைகள் ஒன்றையொன்று அறைந்தன. தன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. இப்போது கேட்டது. எல்லோருடையதைப் போலவும் இருந்தது.

விளக்குகள் எரிந்தன. கூட்டம் கலைந்தது. இருக்கைகளுக்கு நடுவே கறுப்புக் கோட்டு வந்தது, தரைக்கு உத்தரவு போட்டபடி. மனைவி அதன் முழங்கையைப் பற்றியிருந்தாள். "மெல்ல நடங்க. களைச்சிருப்பீங்க." கடைசி வரிசையைக் கடக்கையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இவங்க இன்னுமா சிரிக்கிறாங்க?"

"நல்ல ரசிகர்கள்," என்றது அவருடைய குரல். "வா."

கதவு மூடியது. மேடை விளக்கு அணைந்தது. ஒரு பெண் துடைப்பத்தோடு வரிசை வரிசையாகப் பெருக்கிக்கொண்டு வந்தாள். கடைசி வரிசைக்கு வந்ததும், முகத்தைப் பார்க்காமல், சலிப்போடு சொன்னாள்.

"காலைத் தூக்குங்க."

சிரித்துக்கொண்டே எல்லோரும் ஒன்றாகக் காலைத் தூக்கினார்கள். ஆபீசரின் கால்களும் உயர்ந்தன.