செவ்வாயில் ஓதம் வடிந்த கதை

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெர்னதெத்துக்கு, வியாழக்கிழமைதோறும் பால்காரர் வரும் வேளையில் செவ்வாய் கிரகத்துப் பக்கமிருந்து ஆய்வேட்டுத் திருத்தம் வந்துவிடும். பதினெட்டு வருடத்தில் பால் சில நாள் தவறியிருக்கிறது, திருத்தம் தவறியதில்லை. அனுப்புகிறவர் அவளுடைய நெறியாளர் இமானி. செவ்வாயைச் சுற்றும் போபோஸ் நிலவில்தான் அவர்களுடைய பல்கலைக்கழகம்.

செவ்வாயில் வடபனி, செம்பள்ளம் என்று இரண்டு நாடுகள். நடுவே ஒரு பனிவயல். அது யாருக்கு என்று தகராறு. அங்கே தண்ணீர் குடிக்கிற எவரும் ஏதோ ஒரு கட்சிதான். ஆகவே அந்த மண்ணையே மிதிக்காத ஒருவர் இதை ஆராய்ந்து சொல்லட்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். சர்வதேச அரசியலில் தொலைவழி ஆய்வு மாணவியாகச் சேர்ந்த பெர்னதெத்தின் தலையில் அந்தத் தலைப்பு விழுந்தது.

“இன்னைக்காவது முடியுமா, ஏட்டி? இல்ல, பேரப்பிள்ளை வந்துதான் முடிக்கணுமா?” என்றார் கணவர் லெயோன், சீலா மீனைப் புரட்டிப் போட்டபடி.

“சும்மா இருங்க. இன்னைக்கு வாய்மொழித் தேர்வு. சாயங்காலம் நான் டாக்டர்.”

“அப்போ என் முட்டுவலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடு.”

காட்சித்திரை விரிந்தது. இங்கிருந்து ஒரு சொல் அங்கே போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகும். வழக்கப்படி முதலில் ஒப்பந்தத்தை வாசித்தார்கள்: ‘ஆய்வு முடியும்வரை இரு தரப்பும் ஆயுதம் எடுக்கலாகாது.’

பெர்னதெத் இதை எத்தனையோ முறை மேற்கோள் காட்டியிருக்கிறாள். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. திரையில் பனிவயலின் இரு கரையிலும் கவச உடைப் படைகள், ஆய்வு முடியட்டும் என்று காத்து நின்றன. நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத அந்தப் பனியில், பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். எல்லாம் அவள் ஆய்வு தொடங்கிய பிறகு பிறந்தவை.

இமானியின் குரல் கடைசிக் கேள்வியைக் கேட்டது: “உங்கள் ஆய்வு முழுமை பெற்றுவிட்டதா?”

லெயோன் கரண்டியோடு வந்து நின்றார். “சொல்லேன், ஆமான்னு. இவ்வளவு காலம் கண்ணு முழிச்சது எதுக்கு?”

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். “இல்லை. நான்காம் இயல் தவறு. மறுபடி எழுத வேண்டும்.” அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உடனே திரை மறுபடி மினுங்கியது.

“உன் பதில் இன்னும் பாதி வழிகூடப் போயிருக்காதே!” என்றார் லெயோன்.

இமானிதான். அவர் முகம் வெளிறியிருந்தது. “பதில் சொல்லாதீர்கள். பெரும்பிழை ஒன்று இருக்கிறது. நான்காம் இயலில், ‘கடல் ஓதம் வடியும் நேரத்தில் எல்லை விலகும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். செவ்வாயில் கடலே கிடையாது, அம்மா. முதல் வருடமே பார்த்துவிட்டேன். ஒரு நாள் தேவைப்படும் என்று விட்டுவைத்தேன். ஆய்வைத் திருப்பி அனுப்புகிறேன்.”

தலைக்கு மேலே, சூரிய வெளிச்சம் மட்டுமே நடமாடும் அந்தப் பெருவெளியில், இரண்டு சொற்கள் ஒன்றையொன்று அறியாமல் கடந்து போயிருந்தன, ஒரே சாக்கைச் சுமந்துகொண்டு.

லெயோன் கரண்டியைக் கீழே வைத்தார். “இன்னும் எத்தனை வருஷம்?”

“தெரியலங்க,” என்று பெர்னதெத் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “அங்க ஏன் கடல் இல்லைங்கறதுலேர்ந்து தொடங்கணும்.”